தகுதியான எதிராளி

“வேணாம் சார், இவரு சரிப்பட மாட்டாரு” என்றாள் தமிழ்ச்செல்வி.

உத்திராபதி கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். வாசலில் நெல்லிக்குப்பத்து செந்தமிழ்செல்வன் தன் தொண்ணூற்றெட்டு கிலோவையும் புல்லட்டில் ஏற்றிக்கொண்டு கோபமாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவனைச் சம்மதிக்க வைத்துக் குடிகாடு வரை அழைத்து வர உத்திராபதி பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

“ஏம்மா, என்னா கொறை அவன்கிட்ட?”

“டீயில வேணும்னேதான் சக்கரை போடாம குடுத்தேன். என்னா கத்து கத்துனாரு பாத்தீங்கல்ல? சக்கரை இல்லாததுக்கே இப்பிடின்னா, மூக்குல ஒரு குத்து வுழுந்தா? கோவக்காரங்க ரூல்ஸை மதிக்க மாட்டாங்க சார்.”

“பாக்ஸிங்குக்கு வர்றவன் பின்ன பரதநாட்டியத்துக்கு வர்றவன் மாதிரியா இருப்பான்?”

தமிழ்ச்செல்வி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டில் நிறைய உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் இளவரசு, “தங்கச்சி சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்” என்றான்.

இளவரசு கடலூர் மாவட்டத்தின் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன். எடை நூற்று நான்கு கிலோ, பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. போன வருஷம் பட்டத்துக்காக அவன் எதிரே நின்றவன் விழுந்த விதத்தைப் பார்த்ததிலிருந்து மாவட்டத்தின் பருமனான ஆசாமிகள் எல்லாரும் உடம்பைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கேதான் சிக்கல். பட்டம் வென்றவன் ஒரு வருஷத்துக்குள் தகுதியான எதிராளி ஒருவனோடு மோதிப் பட்டத்தைக் காப்பாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சங்க விதிப்படி பெல்ட் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய்விடும்.

பெல்ட் இப்போது மஞ்சக்குப்பத்தில் உத்திராபதியின் எலக்ட்ரிகல் கடைக் கண்ணாடி அலமாரியில், டேபிள் ஃபேன்களுக்கு நடுவே இருந்தது. மாவட்டச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். சொல்லப்போனால் சங்கமே அவர்தான். அந்த பெல்ட்டைக் காலையில் ஒரு தடவை பார்க்காவிட்டால் அவருக்கு வியாபாரமே ஓடாது. அது விழுப்புரம் போவதைவிடக் கடையைப் பூட்டிவிடலாம் என்று இருந்தது அவருக்கு.

ஆனால் எதிராளியைச் சாம்பியன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். சாம்பியனோ தங்கை தலையாட்டினால்தான் பேனாவையே தொடுவான். அவனுக்குக் கோச், சமையல், சகலமும் தமிழ்ச்செல்விதான். எதிராளி யாரானாலும் முதலில் வீட்டுக்கு வர வேண்டும், தான் பார்த்துப் பேச வேண்டும் என்பது அவள் போட்ட கண்டிஷன்.

கோபமில்லாத ஆளாகத் தேடிப் பிடித்தார் உத்திராபதி. பண்ருட்டி முந்திரி வியாபாரியின் மகன், நூற்றுப் பன்னிரண்டு கிலோ, சாதுவிலும் சாது. அம்மாவுடன் காரில் வந்து இறங்கினான்.

“எத்தினி வருஷமா பாக்ஸிங் பண்றீங்க?” என்று தமிழ்ச்செல்வி கேட்டாள்.

“நாலு வருஷமா பண்றான்” என்றார் அம்மா.

“சாப்பாடெல்லாம் எப்பிடி?”

“அவனுக்கு நான் ஊட்டுனாத்தான் எறங்கும்.”

அவர்கள் போன பிறகு தமிழ்ச்செல்வி கையை விரித்தாள். “ரிங்குல எடது கையா வலது கையான்னு அம்மாவைக் கேட்டுகிட்டு நிப்பாரு. சொந்தமா முடிவெடுக்கத் தெரியாதவரு எப்பிடி சார் தகுதியான ஆளு?”

“அம்மாடி, அவன் வந்து நின்னா போதும். நின்னு அடி வாங்கிட்டுப் போயிடுவான்!”

“அப்ப அது போட்டியா சார்?” என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்ததால் உத்திராபதிக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

இதற்குள் செந்தமிழ்செல்வன் சும்மா இருக்கவில்லை. ‘என்னைப் பார்த்து சாம்பியனுக்குப் பயம்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். கடைக்கு ஸ்விட்ச் வாங்க வருகிறவனெல்லாம், “என்னாங்க, ஒங்க ஆளு பயந்துட்டாராமே?” என்று விசாரித்தான். விழுப்புரத்துச் செயலாளர் தினமும் போன் செய்ய ஆரம்பித்தார்.

“என்னா மச்சான், பெல்ட்டைத் தொடச்சி வெச்சிருக்கியா?”

“வெய்யிடா போனை!”

பயம் என்ற பேச்சை அடக்க ஒரே வழி, இருப்பதிலேயே முரட்டு ஆளாகக் கொண்டுவந்து நிறுத்துவதுதான். பரங்கிப்பேட்டை இம்தியாஸ் துபாயில் வேலை பார்த்தபோது அங்கே முறையாகக் குத்துச்சண்டை பழகியவன். இளவரசுக்குச் சரிசமமாக நிற்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். வந்தான். சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளிக்காமல் குடித்தான். கேட்டதற்கெல்லாம் தானே பதில் சொன்னான். உத்திராபதி பேனா மூடியைக் கழற்றினார்.

“குடும்பம்லாம் எங்க இருக்காங்க?” என்றாள் தமிழ்ச்செல்வி.

“ஊர்லதான்க்கா. சம்சாரம் சனா. பொண்ணுக்கு இப்பதான் ஒரு வயசு முடிஞ்சிது.”

“வேணாம் சார்.”

“எம்மா!” என்று அலறியே விட்டார் உத்திராபதி.

“அண்ணன் கை பத்தி ஒங்களுக்குத் தெரியும். படக்கூடாத எடத்துல பட்டுச்சின்னா அந்தக் கொழந்தைக்கு யாரு சார் பதில் சொல்றது?”

இம்தியாஸ் முகம் சிவந்து எழுந்து போனான். அடுத்த வாரமே விழுப்புரத்துக்காரர் அவனைத் தன் சங்கத்தில் சேர்த்துக்கொண்டு, அந்தப் போட்டோவை உத்திராபதிக்கு அனுப்பியும் வைத்தார். இனி பெல்ட் அங்கே போனால் திரும்பி வரவே வராது.

வீட்டில் உத்திராபதியின் மனைவி சந்திரலேகா சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள். “ஒரு ஆளை அடிக்க இன்னொரு ஆளு கெடைக்காமயா இருக்கான்? என்னைக் கேளுங்க, ஒரு நிமிஷத்துல ஒருத்தரைக் காட்டுறேன்.”

யாரை என்று உத்திராபதி கேட்கவில்லை.

கடைசி முயற்சியாகச் சிதம்பரம் அண்ணாமலை நகர் லாட்ஜுகளிலும் மெஸ்களிலும் நோட்டீஸ் ஒட்டினார். ஒரே ஒருவன் போன் செய்தான். பல்கலைக்கழக லேபில் வேலை பார்க்கும் தில்லைநாதன், தொண்ணூற்றாறு கிலோ. கல்லூரிக் காலத்தில் இரண்டு முறை கிளவுஸ் மாட்டி, இரண்டு முறையும் தோற்றவன். உத்திராபதிக்கு நம்பிக்கை துளியும் இல்லை. இருந்தாலும் அழைத்துப் போனார்.

தில்லைநாதன் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தான். தமிழ்ச்செல்வி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அடி வுழுந்தா என்னா பண்ணுவீங்க?”

“தாங்கிக்குவேங்க.”

“தோத்துட்டா?”

“தோத்துட்டேன்னு ஒத்துக்குவேங்க. சண்டைய வூட்டுக்குத் தூக்கிட்டுப் போறது எனக்குப் புடிக்காது.”

தமிழ்ச்செல்வி அண்ணனைப் பார்த்தாள். “இவருதான் சார் தகுதியான ஆளு.”

உத்திராபதிக்குத் தலை சுற்றியது. துபாய் வரை போய்ப் பழகி வந்தவன் ஆகவில்லை, இவன் ஆகிவிட்டானா? ஆனால் வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும். பேனாவை நீட்டினார்.

“இருங்க சார். நாளைக்கு ஊக்க மருந்து அது இதுன்னு பேரு கெட்டுடக் கூடாது. நீங்க ஒரு எட்டு சிதம்பரம் போயி நல்லா விசாரிச்சிட்டு வாங்க. குடி, சிகரெட்டு, சகவாசம், ராத்திரி எப்ப ரூமுக்கு வர்றாரு, எல்லாம்.”

பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினார் உத்திராபதி. கடையைப் பூட்டிவிட்டு அண்ணாமலை நகர் வெயிலில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினார். மெஸ் நடத்தும் ராமாமிர்தம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“தங்கமான புள்ளைங்க. கரப்பான்பூச்சியக் கூட அடிக்காம எடுத்து வெளியில வுடும். எதுக்கு விசாரிக்கிறீங்க?”

“பாக்ஸிங்குக்கு.”

ராமாமிர்தம் சிரித்த சிரிப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உத்திராபதிக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் கேட்டதை ஒன்று விடாமல் குடிகாட்டில் போய் ஒப்பித்தார். தமிழ்ச்செல்வி திருப்தியாகத் தலையாட்டினாள், இளவரசு கையெழுத்துப் போட்டான். கெடு முடியும் ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றதற்கும் இருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

மண்டபம், மேடை, மைக், இருவரும் முஷ்டியை உயர்த்தி நிற்கும் ஃபிளெக்ஸ் என்று எல்லாம் தயாராயின. ஞாயிறு காலை சென்னையிலிருந்து மாநிலச் சங்கத்தின் பார்வையாளர் வந்தார். விழுப்புரத்துக்காரரும் வந்தார். பெல்ட் வைக்கப் பையும் கொண்டுவந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து முறுக்குக் கேட்டார். வராதவர்கள் இரண்டே பேர்தான். சாம்பியனும் எதிராளியும்.

போன் இரண்டும் ஸ்விட்ச் ஆஃப். “பன்னெண்டு மணி வரைக்கும்தான் பாப்பேன்” என்றார் பார்வையாளர்.

உத்திராபதி ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு குடிகாடு போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் அவர் முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“எளவரசு எங்கம்மா?”

“எல்லாரும் விடியங்காட்டியே திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிட்டாங்களே.”

“சிதம்பரத்துலேருந்து தில்லைநாதன்னு ஒருத்தரு வந்தாரா?”

“அவுரும்தான் போயிருக்காரு.”

உத்திராபதிக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. மோதப்போகிற இருவரும் ஒன்றாகச் சாமி கும்பிடப் போயிருக்கிறார்கள்! இப்படிப்பட்ட எதிராளியையா குறைவாக நினைத்தோம் என்று கண் கலங்கியது. தமிழ்ச்செல்வி மேல் இத்தனை நாள் இருந்த கோபமெல்லாம் கரைந்து போனது. உடனே பார்வையாளருக்குப் போன் போட்டு, “அர மணி நேரத்துல ரெண்டு பேரும் வந்துருவாங்க சார்!” என்றார். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினார்.

“இப்ப வந்துருவாங்கல்ல?”

“தாலி கட்டி, சாப்பாட்டுப் பந்தியெல்லாம் முடிஞ்சிதானே சார் வருவாங்க? பாவம் தமிழ்ச்செல்வி, நாலு வருஷமா ஒரு எடமும் அமையல. உத்திராபதின்னு யாரோ ஒரு புரோக்கராம், பையன் பையனா வூட்டுக்கே இட்டாந்து காட்டி, சிதம்பரம் மெஸ்ஸு வரைக்கும் போயி விசாரிச்சி முடிச்சி வெச்சாராம். ஒங்களுக்கு அவுரைத் தெரியுமா சார், எம் பொண்ணுக்கும் ஒண்ணு பாக்கச் சொல்லணும்.”