புரிஞ்சிருச்சுங்க மேடம்!

எதையும் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடும் மனிதர் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ‘புரிஞ்சிருச்சு’ ஆசாமி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ராக்கெட் விடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாலும் சரி, ரசம் வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாலும் சரி, நெற்றி சுருங்கும், புருவம் உயரும், முகவாய் மெல்ல இறங்கி ஏறும், முகத்தில் ஒரு ஞான ஒளி வந்து உட்கார்ந்துகொள்ளும். புரிந்ததா? அது வேறு விஷயம்.

இவரைக் கண்ணாரக் காண வேண்டுமென்றால், ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போங்கள். வேப்பந்தட்டையில் ஒன்று நடந்தது. அதற்கு வந்திருந்தார் தமிழழகன் சார். அரும்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுப்பவர். ஒரு துண்டு சாக்பீஸ் இருந்தால் போதும், கரும்பலகையில் இதயத்தைத் துடிக்க வைத்துவிடுவார். ஆனால் அவர் வகுப்பில் மாட்டியிருக்கும் ஸ்மார்ட் போர்டு இருக்கிறதே, அது ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டதோடு சரி. “எப்ப சார் இதைப் போடுவீங்க?” என்று பிள்ளைகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தார்.

பயிற்சி தந்த ஜோதி மேடம் பெரம்பலூர்க்காரர். அந்த ஊருக்கு ரயில் இல்லாத குறையை அவர் பேச்சின் வேகம் தீர்த்துவைத்தது.

“போனைப் போர்டோட கனெக்ட் பண்ணுங்க, பாடத்தை டவுன்லோட் பண்ணுங்க, இழுத்து வுடுங்க, அவ்ளோதான். புரிஞ்சுதுங்களா?”

“புரிஞ்சிருச்சுங்க மேடம்!” தமிழழகன் சாரின் குரல்தான் முதலில் வரும்.

சசிகலா டீச்சர் மட்டும் கை தூக்குவார். “கனெக்ட்னு சொன்னீங்களே மேடம், அதை எங்க போயி பண்றது?” அவ்வளவுதான். டீத் தட்டை வழிமறித்தவரைப் பார்ப்பதுபோல் மொத்த அரங்கமும் அவரைத் திரும்பிப் பார்க்கும்.

கடைசி நாளன்று மேடம் அறிவித்தார். “தமிழழகன் சாருக்குத்தான் எல்லாம் தெளிவாப் புரிஞ்சிருக்கு. திங்கக்கிழமை பாடாலூர்ல எல்லாரும் கூடுறோம். மாதிரி வகுப்பை நீங்களே எடுத்துருங்க சார். சரிங்களா?”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். தலை முந்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் போனில் விளக்க வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தார். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பையன் “புரிஞ்சுதா நண்பர்களே?” என்று கேட்டான். சாரும் பொறுப்பாகத் தலையாட்டினார்.

“போனுக்கெல்லாமா தலையாட்டுவாங்க?” என்றார் மனைவி சுமதி.

திங்கட்கிழமை வந்தது. பாடாலூர்ப் பள்ளி அரங்கில் நாற்காலி கொள்ளாத கூட்டம். சார் போர்டைத் தொட்டார். நீலம். தட்டினார். நீலம். பக்கவாட்டில் தடவினார், பின்னால் எட்டிப் பார்த்தார், ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். வானம்கூட அவ்வளவு நீலமாக இருக்காது.

“இப்படித் தொட்டா இதயம் வந்துரும்” என்றார். வரவில்லை. நேரத்தைக் கடத்த வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுவைத்தார். “இது வரைக்கும் புரிஞ்சுதுங்களா?”

“புரிஞ்சிருச்சு சார்!”

அரங்கமே சொன்னது. காற்றில் சோளக்கதிர் ஆடுவதுபோல் அத்தனை தலைகளும் ஆடின. ஒருவர் குறிப்பு வேறு எடுத்தார்! சார் விக்கித்துப் போனார். ஒன்றுமே நடக்கவில்லையே, இவர்களுக்கு என்ன புரிந்தது? தலையாட்டுகிற பக்கமே உட்கார்ந்து பழகியவர், எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தக் காட்சியை அன்றுதான் பார்க்கிறார்.

அப்போது சசிகலா டீச்சரின் கை எழுந்தது. “கோவிச்சுக்காதீங்க சார். எனக்கு ஒண்ணும் புரியல. போர்டு நீலமாத்தானே இருக்கு?”

‘நெட்வொர்க் பிரச்சினை’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாக்கு வாங்கி அனுப்பிய பிள்ளைகளின் முகங்களும் கூடவே வந்தன.

“எனக்கும் புரியலைங்க டீச்சர்” என்றார். “வேப்பந்தட்டையிலயே புரியல.”

குறிப்பு எடுத்தவர் பேனாவை மூடினார். பிறகு ஓரத்திலிருந்து ஒருவர், “எனக்குந்தான் சார்.” நடுவிலிருந்து இன்னொருவர். அப்புறம் சட்டியில் சோளம் பொரிவதுபோல் “எனக்கும்”, “எனக்கும்!” சிரிப்பு கிளம்பியது. எல்லாரும் ஜோதி மேடத்தைப் பார்த்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்குச் சொல்லிக் குடுத்தப்ப நானும் ஆட்டிட்டேங்க” என்றார்.

அதற்குப் பிறகு அது பயிற்சி இல்லை, திருவிழா. மொத்தக் கூட்டமும் போர்டை மொய்த்தது. “அது இல்லைங்க, இது!” “கேபிளைச் சொருகலையே, சொருகுங்க!” “யாரு ஃபேனை அமத்துனது?” ஒருமுறை சத்தம் மட்டும் வந்தது. ஒருமுறை இதயம் தலைகீழாக வந்தது. கடைசியில் சசிகலா டீச்சர் விரல் வைக்க, செக்கச் செவேலென்று ஓர் இதயம் நிமிர்ந்து நின்று லப்டப் என்று துடித்தது. பெரியவர்கள் விசில் அடித்தார்கள். டீ ஆறியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் அரும்பாவூர்ப் பக்கத்துப் பள்ளியிலும் அது துடித்தது. “எப்படி சார் இவ்ளோ பெருசாக்குனீங்க?” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“தெரியலடா, கை பட்டுருச்சு. வாங்க, திரும்பப் பட வெச்சுப் பாப்போம்” என்றார் சார்.

நான் வாத்தியார் இல்லை, தப்பித்தேன் என்கிறீர்களா? போன வாரம் பேங்கில் அந்தப் பெண் மூச்சுவிடாமல் ஏதோ சொன்னாரே, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தீர்களே, அது என்ன? எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று டாக்டர் சொன்னபோது ‘சரிங்க, சரிங்க’ என்றுவிட்டு, மருந்துக்கடையில் போய் விழித்தது யார்? சேச்சே, நான் அப்படியில்லை என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். ஆனால் இதைப் படிக்கும்போது, ‘ஆமாம், ஆமாம், இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும்’ என்று கழுத்துக்கு மேலே ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறதே, அது யாருடையது?