தாழைமுனை இந்து பிளே ஓஃபுக்குப் போன கதை

மெல்பேர்னில் நடக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் உதைபந்தாட்டத்தை உலகத் தரத்துக்கு உயர்த்தியே தீருவது என்று இளங்கீரன் ஒரு ஞாயிறு காலை முடிவெடுத்தார். உலகத் தரம் என்றால் வேறொன்றுமில்லை. அவர் தலைவராக இருக்கும் தாழைமுனை இந்துக் கல்லூரி அணி எப்படியாவது பிளே ஓஃபுக்குள் நுழைந்துவிட வேண்டும்.

ஒன்பது கல்லூரிகள் ஆடும் போட்டி அது. முதல் நான்கு இடங்களுக்கு வருபவர்கள்தான் பிளே ஓஃபுக்குப் போவார்கள். தாழைமுனை இந்து வருடாவருடம் நேரே வீட்டுக்குத்தான் போனது. அணியைக் குறை சொல்ல முடியாது. அனுபவம் நிறைய இருந்தது. முழங்கால்தான் குறைவு. ஐம்பத்தொரு வயதில் இளங்கீரனே முன்கள வீரர். பந்து அவரிடம் வந்தால் அடிப்பார். அவர் பந்திடம் போகிற வழக்கம் இல்லை.

ஆனால் போட்டிச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். விளையாடி வெல்ல முடியாதவனுக்குச் சட்டம் எழுதும் வேலையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சங்கத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை.

"அமெரிக்காவில என்ன செய்தவங்கள் தெரியுமே?" என்றார், குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்த மனைவி தாட்சாயினியிடம். "கல்லூரி ஃபுட்போலில பிளே ஓஃபுக்கு நாலு டீம் போனதைப் பன்னிரண்டாக்கிப் போட்டாங்கள். முதல் சுற்றை அந்தந்தக் கல்லூரி மைதானத்திலயே வைக்கிறாங்கள்."

"அது கையால எறியிற ஃபுட்போலெல்லோ?"

"எறியட்டும். கொள்கைதான் முக்கியம்."

"அப்ப நீங்களும் பன்னிரண்டாக்கப் போறியளோ? இருக்கிறதே ஒன்பது டீம்."

"எட்டு."

தாட்சாயினி தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஒன்பதில எட்டோ? மிஞ்சிற அந்த ஒரு டீம் அப்பிடி என்னப்பா குற்றம் செய்தது?"

"ஒரு டீமையாவது வெளியில விட்டாத்தானே அதுக்குப் பேர் போட்டி."

திட்டம் அத்தோடு நிற்கவில்லை. முதல் சுற்று ஆட்டங்கள், புள்ளியில் மேலே நிற்கும் அணித் தலைவரின் வீட்டுக்குக் கிட்டிய மைதானத்தில் நடக்கும். பழைய மாணவர்களின் பிள்ளைகளும் ஆடலாம். இந்தக் கடைசி வரிதான் இளங்கீரனின் உயிர்நாடி. அவருடைய மகள் அக்ஷரா பல்கலைக்கழக அணியின் முன்கள வீராங்கனை. அவள் வந்தால் நாலாம் இடம் நிச்சயம். எட்டில் மேல் நாலுக்குள் நின்றால் மைதானமும் தன்னுடையது. தான் குடியிருக்கும் நோபல் பார்க்கில், தன் வீட்டுக்குக் கிட்டிய மைதானத்தில், ஊரே பார்க்கத் தாழைமுனை இந்து களமிறங்கும். அதை நினைக்கையில் இளங்கீரனுக்கு மூன்றாவது தோசை தன்பாட்டில் உள்ளே போனது.

"ஒரு சிக்கல் இருக்குத் தாட்சா. கமிட்டியில மற்ற ஆக்கள் ஒத்துக்கொள்ள மாட்டாங்கள். நீர் அவையின்ர மனுசிமாரோட ஒருக்காக் கதைச்சால்..."

"கதைக்கலாம். ஆனால் 'பழைய மாணவர்' எண்டு மட்டும் போடாதேங்கோ. 'மாணவர், மாணவியர்' எண்டு போடுங்கோ. இந்தக் காலத்தில அதுதான் மரியாதை."

இவ்வளவுதானா என்று இளங்கீரனுக்குச் சிரிப்பு வந்தது. பெண்களைத் திருப்திப்படுத்துவது எவ்வளவு சுலபம். "மாணவியரை முன்னுக்கே போடுறன்" என்றார் பெருந்தன்மையாக.

பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. போன வருடம் தேத்தண்ணி இடைவேளையைக் கூட்டுவதற்கே அடிபட்ட கமிட்டி, இந்த முறை வாயே திறக்காமல் கை உயர்த்தியது. இளங்கீரன் அதைத் தன் பேச்சுத் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை, சங்கத் தலைவர் சிறிதரன் அண்ணை தொலைபேசியில் வந்தார். "தம்பி, பத்தாவதா ஒரு டீம் சேர்ந்திருக்கு. தாழைமுனை மகளிர் கல்லூரி."

"பொம்பிளைப் பிள்ளையளின்ர கல்லூரியெல்லோ அண்ணை?"

"ஓம். மாணவியர் எண்டு நீர்தானே முன்னுக்குப் போட்டனீர். தலைவி உம்மட வீட்டிலதான் இருக்கிறா."

இளங்கீரன் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். தலைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தாட்சா, நீர் பந்து அடிப்பீரோ?"

"நான் ஏன் அடிக்கிறன்? பழைய மாணவியரின்ர பிள்ளையள் அடிப்பினம்."

அப்போதுதான் அவருக்கு ஒரு விசயம் உறைத்தது. அந்த ஒன்பது அணிகளிலும் இருந்த ஆண்களில் பாதிப்பேர் தாழைமுனை மகளிர் கல்லூரியில்தான் பெண் எடுத்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம், ஆறடிப் பையன்கள் உட்பட, சட்டப்படி அந்தக் கல்லூரியின் சொத்து. தகப்பன்மார் பிள்ளைகள் தங்களோடுதான் ஆடுவார்கள் என்று நம்பி இருந்தார்கள். தாய்மார் பிள்ளைகளிடமே கேட்டிருந்தார்கள்.

மகளின் அறைக்கு ஓடினார். "பிள்ளை, நீ அப்பாவின்ர டீமெல்லோ?"

அக்ஷரா காதிலிருந்து ஒரு பக்கத்து இயர்ஃபோனை மட்டும் கழற்றினாள். "அம்மா லாஸ்ட் மன்த்தே கேட்டவ. நீங்க என்னட்டக் கேக்கவே இல்லையே அப்பா. இட்ஸ் நதிங் பெர்சனல்."

போட்டிகள் நடந்தன. தாழைமுனை மகளிர் முதலாம் இடம். தாழைமுனை இந்து, இரண்டு அணிகள் இன்னும் மோசமாக ஆடிய புண்ணியத்தில், எட்டாம் இடம். சரித்திரத்தில் முதன்முறையாக இளங்கீரனின் அணி பிளே ஓஃபுக்குள் நுழைந்தது. முதலாவதும் எட்டாவதும் மோத வேண்டும். மைதானம், மேலே நிற்கும் அணித் தலைவியின் வீட்டுக்குக் கிட்டியது. ஆக, அவர் ஆசைப்பட்டபடியே நோபல் பார்க்.

ஆட்டத்தன்று தாட்சாயினி மடக்குக் கதிரையில் குடையோடு இருந்தாள். இளங்கீரன் வழமையாகக் காரை விடும் மரநிழலில் காரை விடப் போனார்.

"விருந்தினர் அணி அங்கால" என்றாள். "அந்த டொய்லெட் பக்கமா."

"தாட்சா, நான் இஞ்சதானே இருக்கிறனான்."

"வீடு இஞ்ச. டீம் வெளியூர். சட்டம் நீங்கள்தானே எழுதினது."

ஊர் முழுக்க வந்திருந்தது. இளங்கீரன் கனவில் கண்ட அதே கூட்டம், அதே கைதட்டல். கைதட்டல் மட்டும் மற்றப் பக்கத்துக்குக் கிடைத்தது. தாழைமுனை இந்துவின் பின்கள வீரர் தன் சொந்த மகனைத் தடுக்கப் போய், அவன் "கவனம் அப்பா" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனதைப் பார்த்தபடி புல்லில் இருந்தார். அக்ஷரா மூன்று கோல் போட்டாள். மூன்றாவதுக்கு இளங்கீரனே தன்னை மறந்து கைதட்டிவிட்டார். அவருடைய கோல் காப்பாளர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆட்டம் ஆறுக்குப் பூச்சியம்.

முடிந்தபின் தாட்சாயினி தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். "நல்லா விளையாடினியள்."

"எனக்கு ஒருக்காலும் பந்து வரேல்லையே."

"அதைத்தான் சொல்லுறன். ஒரு பிழையும் விடேல்ல."

வீட்டுக்கு வந்ததும் இளங்கீரன் குளிக்கவும் இல்லை. அவமானம் கொதித்தது. இந்தச் சங்கம் தன் அருமையை உணர ஒரே வழி, பதவியைத் தூக்கி எறிவது. நாளைக்கே எல்லோரும் வாசலில் வந்து கெஞ்சுவார்கள். அப்போது பழையபடி நான்கு அணிகள்தான் என்று நிபந்தனை போடலாம். அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சிறிதரன் அண்ணைக்கு அழைப்பு எடுத்தார்.

"அண்ணை, மனச்சாட்சிக்கு விரோதமா என்னால இனி இந்தப் பதவியில இருக்கேலாது. செயலாளர் பதவியை ராஜினாமாச் செய்யிறன்."

"ஓம் தம்பி. மாட்ச் முடிஞ்சதும் நீர் ராஜினாமாச் சொல்ல எடுப்பீர் எண்டு தாட்சாயினி காலமையே சொன்னவ" என்றார் சிறிதரன் அண்ணை. "அதுதான் நாங்கள் மத்தியானமே அவவைச் செயலாளராப் போட்டிட்டம்."