கிரீஸ் போட்ட கிட்டார்

"துரு! ஜூடித், இங்க வந்து பாரு, துரு!"

கொர்னேலியஸ் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றார். விரல் நுனி செம்மண்ணில் தோய்ந்த மாதிரி இருந்தது.

"எதுல துரு?" என்றாள் மனைவி ஜூடித், திரும்பாமலே.

"கிட்டார்ல! ஆறு கம்பியும் துரு. ஆறு மாசமா சனிக்கிழமை தவறாம வந்து நம்ம கரோலினுக்குக் கத்துத் தரானே அந்த லாய்ட், அவன் கிட்டார். வாத்தியாராம், வாத்தியாரு!"

அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டின் இரும்பு ரோப்பைச் சோதிப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷத்தில் அவர் பார்த்த ரோப் ஒன்றுகூட அறுந்ததில்லை. கடுகளவு துரு கண்ணில் பட்டால், மேனேஜரே வந்து கெஞ்சினாலும் கேஜ் இறங்காது.

"நாலு மணிக்கு அந்தத் தம்பி வரும். அதுங்கிட்ட சொன்னா மாத்திக்குது."

"அடுத்த ஞாயிறு சபை ஆண்டு விழா. கரோலின் கிட்டார் வாசிக்கிறாள்னு நோட்டீசே அச்சடிச்சாச்சு. நடுப்பாட்டுல கம்பி அறுந்தா யார் மானம் போவும்? அவன் மானமா, என் மானமா?"

"அவதான் வேணாம்பா, வேணாம்பான்றாளே."

"அது அடக்கம்!"

முன்னறையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பக்கத்து வீட்டு வேலம்மாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு ஃபேன் ஓடாததால் கோடை முழுக்க அவள் வேலையெல்லாம் இங்கேதான்.

கொர்னேலியஸ் மகளின் அறைக்குள் போனார். டேப் ரிக்கார்டர் பக்கத்தில் கிட்டார் சாய்ந்திருந்தது. பாடத்தைப் பதிவு செய்து கேட்க வேண்டும் என்று லாய்ட் சொன்னதால் அவரே வாங்கிக் கொடுத்த டேப் ரிக்கார்டர். கிட்டாரை முன்னறைக்குத் தூக்கி வந்து, கட்டிங் பிளேயரை எடுத்தார்.

முறுக்கைத் தளர்த்தாமலே முதல் கம்பியை வெட்டினார்.

'டங்!'

கம்பி துள்ளி அவர் கன்னத்தில் சாட்டை மாதிரி விழுந்தது.

"திமிரைப் பாரு!" என்று மற்ற ஐந்தையும் கோபத்தோடு வெட்டினார். கம்பிகளைப் பிடித்திருந்த கறுப்பு முளைகளைப் பிளேயரால் பிடுங்கினார். ஐந்து கையில் வந்தன. ஒன்று பறந்தது.

"அண்ணே," என்றாள் வேலம்மாள், "இந்தப் புளியங்கொட்டைக்கு இன்னா, தலை கீது?"

முளையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, சைக்கிளை எடுத்து ஆண்டர்சன்பேட்டைக்கு மிதித்தார். ரேடியோ ரிப்பேர் கடை பாபுவிடம்தான் கிட்டார் கம்பி கிடைக்கும்.

"சுருதி பாத்து மெள்ள முறுக்குங்கண்ணே," என்றான் பாபு.

"எனக்கேவா சொல்ற? நான் கேஜ் ரோப்பையே பாக்கிறவன்!"

வீட்டுக்கு வந்து கம்பிகளை மாட்டினார். சுருதி கிடக்கட்டும், தொய்வு இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நன்றாக முறுக்கினார். ஆறிலும் மெல்லிய கம்பி அறுந்தது.

"டூப்ளிகேட்! பாபு என்னையே ஏமாத்திட்டான்!"

வேலைப் பையைக் கவிழ்த்தார். கழித்துப்போட்ட பழைய ரோப்பிலிருந்து உருவிய ஒற்றை இழை ஒன்று கிடைத்தது. அதை அந்த இடத்தில் கட்டினார். கூடவே கிரீஸ் டப்பாவும் கிடைத்தது.

"கிரீஸ் எதுக்குங்க?" ஜூடித் பதறினாள்.

"புது ரோப் மாட்டினா கிரீஸ் போடணும். அது சட்டம்!"

ஆறு கம்பிக்கும் தாராளமாகப் பூசிவிட்டு மீட்டிப் பார்த்தார். ஈரத்துணியைக் கல்லில் போட்ட மாதிரி 'பொத்' என்றது. சத்தம் வரவேண்டும் என்று இன்னும் முறுக்கினார். இன்னும் கொஞ்சம்.

'கரக்!'

கம்பிகள் மாட்டியிருந்த பலகைத் துண்டு அப்படியே பெயர்ந்து, ஆறு கம்பியோடு அவர் மடியில் விழுந்தது.

"ஒழுங்கா ஒட்டத் தெரியாதவன்லாம் கிட்டார் செய்றான்!" என்று கத்தினார்.

"அது அடுத்தவங்க கிட்டாரு," என்றாள் ஜூடித். "இனிமே அந்தத் தம்பி நம்ம வாசப்படி மிதிக்குமா? விழாவுல உங்க பொண்ணு எத்த வாசிப்பா, முறத்தையா?"

அன்றைக்கு முதல்முறையாக, திட்டுவதற்குக் கொர்னேலியஸுக்கு ஆள் கிடைக்கவில்லை. உடைந்ததை எல்லாம் உறைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தார். மகளின் அறையில் இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தார்.

நாலு மணிக்கு டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து கரோலின் வந்தாள். அவள் பின்னாலேயே லாய்ட் வந்தான்.

"ஈவினிங், அங்கிள்."

"வா... வாங்க தம்பி," என்றார் கொர்னேலியஸ். அவனுக்கு இதுவரை கிடைக்காத மரியாதை அது.

வழக்கம்போல இருவரும் அறைக்குள் போனார்கள். வழக்கம்போல, சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று கதவு சாத்தப்பட்டது. கொர்னேலியஸ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது கத்துவான். இதோ கத்தப்போகிறான்.

கிட்டார் ஒலித்தது.

ஒரு பிசிறு இல்லை. தேனாக வழிந்தது. கொர்னேலியஸின் முகம் மெல்ல மலர்ந்தது.

"கேட்டியா ஜூடித்? கிரீஸ் போட்டதும் எப்படி வழுக்கினு வருது பாரு!"

"ஒடஞ்ச கிட்டார்ல எப்படிங்க?"

"அவன் வாத்தியார்டி! ஒரு நிமிஷத்துல மாட்டியிருப்பான். தங்கமான பையன். நாந்தான் தப்பா பேசிட்டேன். அந்தப் பாபு மூஞ்சில விழாவன்னிக்கு..."

அப்போது கரண்டு போனது.

ஃபேன் முனகிக்கொண்டே சுழற்சி குறைந்தது. உள்ளே கிட்டார் ஓசையும் இழுத்து, கனத்து, அடித்தொண்டையில் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. கரோலினின் சிரிப்பு மட்டும் கேட்டது. அதுவும் சட்டென்று அடங்கியது.

வேலம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"கரண்டு போனா ஃபேன் நிக்கும், சரி. கிட்டார் ஏண்ணே நிக்குது?"