முன்னறைப் பீப்பாயும் அப்பாவின் கைப்பம்பும்

ஹோல்ம்ராய்ட், யார்க்‌ஷயர்
அக்டோபர் 16, திங்கட்கிழமை

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான வில்ஃப்ரெட் அண்ணனுக்கு, தங்கை எனிட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அவரும் சுகம். தெற்கே கடற்காற்றில் உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பிற்பாடு பேச்சு வரக்கூடாது என்பதால், சனிக்கிழமை என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீங்களே பேர் குறித்து அனுப்பிய நடுவர்கள் மூவர்: அப்பாவுக்கப்புறம் நீங்கள் நடத்திய பப்பில் முப்பது வருஷம் ஒரே முக்காலியில் உட்கார்ந்திருந்த ஹொரேஸ் அக்ராய்ட், ஆலயத்தில் மணி அடிக்கிற எர்னஸ்ட் பட்டர்வொர்த், எதையும் நல்லது என்று சொல்லி யாரும் கேட்டிராத நெல்லி சட்கிளிஃப். அப்புறம் என் வீட்டுக்காரர் கிளிஃபர்ட். நான். கூப்பிடாமலே வந்த போதகர் லம்லி ஐயா. ஆக ஆறு பேர். பக்கத்து வீட்டுப் பூனை கடைசிவரை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை.

ஈஸ்டருக்கு வந்தபோது நீங்கள் சொன்னதை அன்றே குறித்து வைத்திருக்கிறேன். "பீர் யாரும் காய்ச்சலாம் எனிட். பீப்பாயில வச்சுத் தெளியவிட்டு ஊத்துறது பப்பு நடத்துனவனுக்குத்தான் வரும். நான் சொல்ற மூணு பேரும் முதல் பைண்ட் கிளாஸ மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டு ரெண்டாவது கேட்டா, அப்பாவோட கைப்பம்பு உனக்கு." பீப்பாயிலிருந்து பீரை இழுத்து ஊற்றுகிற அந்தப் பம்பின் பித்தளையைப் பத்து வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் துலக்கியவள் நான். ஆனால் நிலவறைப் படியில் ஒரு கால் வைக்க அப்பா விட்டதில்லை, உங்களைத்தான் கூட்டிப் போவார். உங்களுக்கு அப்பா சொல்லிக்கொடுத்தார், எனக்கு நூலகத்துப் புத்தகம். அதைப் பதினொரு தடவை புதுப்பித்து வாங்கியாகிவிட்டது, இப்போது நூலகத்துக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்ததுமே முத்திரையை எடுத்துவிடுகிறாள்.

எங்கள் வீட்டில் நிலவறை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வீடு முழுக்க எட்டு நாள் வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு அலைந்து நோட்டில் எழுதிப் பார்த்ததில், இரவும் பகலும் பீருக்கு வேண்டிய பன்னிரண்டு டிகிரியில் அசையாமல் நிற்பது முன்னறை ஒன்றுதான். அது போதகர் வந்தால் உட்காரவும், யாராவது செத்தால் கிடத்தவும் வைத்திருக்கிற அறை. சோபாவை வெளியே தள்ளினோம். பழைய ஆலய பெஞ்சின் இரண்டு கால்களை அறுத்து என் வீட்டுக்காரர் ஒரு தொட்டில் செய்துகொடுத்தார். நான் காய்ச்சி நிரப்பிய முப்பத்தாறு பைண்ட் பீப்பாயை அதில் படுக்கவைத்து, புதன்கிழமை காலை ஜெபித்துவிட்டு, உள்ளே அடைபட்ட வாயு வெளியேற மேல்தக்கையில் மரமுளையை அடித்தேன். அது மெல்ல மெல்லக் கசியும் என்று புத்தகத்தில் இருந்தது. மெல்லவெல்லாம் இல்லை அண்ணா, உட்கூரை வரைக்கும் பீய்ச்சி அடித்தது. சுவரில் நான் பூவேலை செய்து மாட்டியிருக்கிற கர்த்தருடைய ஜெபத்தில், 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்கிற வரியில் மட்டும் சரியாகக் கறை விழுந்தது. அவர் முகத்தைத் துடைத்து, விரலை நக்கிப் பார்த்து, "எனிட், நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னார். அதுவரை எனக்கும் பயம்தான். வெள்ளிக்கிழமை ஒரே அடியில் குழாயைச் சொருகினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அதற்கப்புறம் பீப்பாயை ஒரு விரல் படாமல் விடவேண்டும், மண்டி அடியில் படிந்தால்தான் பீர் தெளியும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதகருக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை நடுவர்களைப் பன்னிரண்டு மணிக்கு வரச்சொல்லியிருந்தேன். பதினொன்றேகாலுக்குப் போதகர் வந்தார், அறுவடைப் பண்டிகைக்குப் பூசணிக்காய் கேட்க. ஈரத்துணி போர்த்திப் படுத்திருந்த பீப்பாயைப் பார்த்தார். ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ளை என்று நினைத்தாரோ என்னவோ, "ஓ, இதுதானா அது!"ன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிட்டார். நான் அலறியதில் பூனை ஜன்னல் திட்டிலிருந்து விழுந்தது. ஒரு கிளாஸ் பிடித்துப் பார்த்தேன், கலங்கிப்போய்ப் பட்டாணி சூப் மாதிரி இருந்தது.

நடுவர்கள் வந்தார்கள். "காத்திருக்கணும், மறுபடி படியணும்"னேன். "எவ்வளவு நேரம்மா?"ன்னு ஹொரேஸ். "ஆண்டவருக்குத்தான் தெரியும்"னேன். "அப்ப அவரையே ஊத்தச் சொல்லு"ன்னு நெல்லி கிளம்பத் தொப்பியை எடுத்தா. பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரத்தைக் காட்டி உட்காரவைத்தேன். எர்னஸ்ட் சும்மா இருக்காமல் கீர்த்தனை பாட ஆரம்பித்துக் காலால் தாளம் போட, பலகைத் தரை அதிர்ந்து பீப்பாய் நடுங்குகிறது. "எர்னஸ்ட், காலை அசைச்சீங்க, அறுத்துருவேன்!" இது நான் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை அறிக்கை செய்துவிட்டேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வேதாகமத்தைப் போதகர் கையில் கொடுத்து, "ஐயா, பாவத்துக்குப் பரிகாரமா முதலாம் நாளாகமம் வாசிங்க, ஆரம்பத்திலேருந்து, மெதுவா"ன்னேன். ஆதாம், சேத், ஏனோஸ் என்று ஆரம்பித்தார். யார் யாரைப் பெற்றார் என்று ஒன்பது அதிகாரம். இரண்டாவது அதிகாரத்தில் எர்னஸ்ட் தூங்கினார், நாலாவதில் ஹொரேஸ், ஆறாவதில் என் வீட்டுக்காரர். நெல்லி மட்டும் கண்ணை மூடாமல் பீப்பாயையே முறைத்துக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் எண்ணாகமத்துக்குப் போகச் சொன்னேன். மூன்று மணிநேரம் அந்த அறையில் ஒரு துரும்பு அசையவில்லை. வேதத்தின் அந்தப் பகுதியை எதற்காக எழுதிவைத்தார்கள் என்று இனி யாரும் என்னிடம் கேட்கவேண்டாம்.

மூன்றரைக்கு ஒரு கிளாஸ் பிடித்து ஹொரேஸை எழுப்பினேன். ஜன்னல் பக்கம் போய், கிளாஸுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து அதன் வழியே வாசித்தார். "ஃபிராங்க் ஓல்டுராய்ட், எழுபத்தெட்டு வயசு, பூங்கொத்து வேண்டாம். யாரு செத்திருக்கான்னு தெரியுதும்மா. தெளிவுதான்."

நான் ஆனந்தப்படுவதற்குள் நெல்லி: "நுரை எங்கடி? இது பீரா, குளிச்ச தண்ணியா?"

அண்ணா, அப்போதுதான் உங்கள் சூழ்ச்சி எனக்கு விளங்கியது. நுரை இல்லாமல் குடிக்கவே மாட்டாத மூன்று யார்க்‌ஷயர்க்காரர்களை நடுவராகப் போட்டுவிட்டு, நுரை எழுப்புகிற பம்பை உங்களிடமே வைத்துக்கொண்டீர்கள். கூடப்பிறந்தவர் செய்கிற காரியமா? உடனே பெரிய பீங்கான் ஜக்கை எடுத்தேன். ஜக்கில் பிடித்து, நாற்காலிமேல் ஏறி நின்று, ஒரு முழ உயரத்திலிருந்து, உங்களைத் திட்டிக்கொண்டே, நெல்லியின் கிளாஸில் ஊற்றினேன். கட்டியாக இரண்டு விரல் நுரை. நெல்லி குடித்தாள், மேலுதட்டைத் துடைத்தாள், கிளாஸை நீட்டினாள். "இன்னொண்ணு ஊத்து. இந்தத் தடவை பேசாம ஊத்து."

ஹொரேஸ் நாலு, எர்னஸ்ட் மூன்று, நெல்லி மூன்று. போதகர் ஒன்றுதான் என்று சொல்லி மூன்று. பெருமை பாவம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி முழங்காலில் நின்றபோது இது ஒன்றைத் தவிர வேறு எந்த ஜெபமும் வரவில்லை அண்ணா: அப்பா அந்த நிலவறைப் படியில் என்னை ஒரு தடவை கூட்டிப் போயிருக்கலாம்.

ஆகவே பம்பை நன்றாகச் சுற்றி ரயிலில் அனுப்பிவைக்கவும். அண்ணியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் முழங்கால்களைப் பலப்படுத்துவாராக.

உங்கள் அன்புத் தங்கை,
எனிட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் மூன்று பேரும் மிச்சத்தைக் குடிக்க வந்துவிட்டார்கள். பம்பு வருகிறது என்றேன். ஹொரேஸ் முகம் தொங்கிப்போயிற்று. "வேணாம்மா. பம்புக்கும் பீப்பாய்க்கும் நடுவுல அஞ்சடிக் குழா. ராத்திரி அதுல நிக்கிறது காலையில கெட்டுடும், முதல்ல வர்றத சாக்கடையிலதான் ஊத்தணும். உன் அண்ணன் முப்பது வருஷம் ஊத்துனான், நாங்க நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தோம். ஜக்குல ஒரு சொட்டு வீணாகல." எர்னஸ்ட் தலையாட்டினார். "அது உள்ள வந்தா நான் வெளிய"ன்னுட்டா நெல்லி.

அதனால் பம்பை அனுப்பவேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். ஆனால் அது எனிட்டுடையது என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சீக்கிரம் பதில் போடவும்.