பாக்கிக்காரர் ஒளிந்த அறை

பதினேழாயிரத்து அறுநூறு பாக்கி. மகளின் நுழைவுத்தேர்வுக் கோடைப் பயிற்சிக்கு லோடுக்காரர் கட்ட வேண்டிய இரண்டாம் தவணை அது. முதல் தவணைக்கே வீட்டிலிருந்த பண்டபாத்திரமெல்லாம் போய்விட்டது. இனி விற்பதென்றால் அவரும் அவர் மனைவியும்தான் மிச்சம். அதிலும் அவரை வாங்க ஆள் வராது.

சாயங்காலம் போன் அடித்தது. பயிற்சி மையத்து டைரக்டர்.

முதுகில் மூட்டையோடு லாரிப் பலகை ஏறும்போதுகூட ஆடாத கால், உட்கார்ந்த இடத்தில் ஆடியது.

"எடுங்களேன்," என்றாள் மனைவி.

"எடுத்து என்னத்தச் சொல்ல? பணம் எங்கன்னு கேப்பாரு."

"இல்லன்னு சொல்லுங்க."

"இல்லன்னு சொன்னா பாப்பாவோட மார்க் ஷீட்டு? அது அவரு பீரோவுல இருக்குடி!"

அந்த மையத்தின் வழக்கம் அது. சேரும்போதே பள்ளி மதிப்பெண் சான்றிதழின் அசலை வாங்கிப் பூட்டி வைப்பார்கள். கடைசிக் காசு வந்த பிறகுதான் பூட்டு திறக்கும். தேர்வில் மகள் எத்தனை மார்க் வாங்கினாலும், அந்தத் தாள் இல்லாமல் எந்தக் கல்லூரியும் அவளை உள்ளே விடாது. அவருடைய பன்னிரண்டு வருஷத்து முதுகுவலி மொத்தமும் அந்த ஒற்றைத் தாளாகி அடுத்தவன் பீரோவில் கிடந்தது.

போன் மறுபடி அடித்தது.

"நீயே எடு. நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு."

மனைவிக்குப் பொய் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் அளவு தெரியாது.

"அவரா சார்? ஆஸ்பத்திரியில இருக்காரு சார்."

லோடுக்காரர் தலையில் கை வைத்தார்.

"என்னாச்சா? படுத்துட்டாரு சார். ஐயோ, நீங்கல்லாம் பாக்க வரக்கூடாது சார். ஒட்டுற வியாதி... பாப்பாவா? பாப்பாவுக்கு ஒட்டாது சார், தாராளமா கிளாசுக்கு வருவா. ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் ஒட்டும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எப்படிச் சமாளிச்சேன் பாத்தீங்களா?"

"என்ன சொன்னாரு?"

"நாளைக்கு உங்க வேலையிடத்துல போய் விசாரிச்சுக்கறேன்னாரு."

மறுநாள், ஒட்டுற வியாதியில் படுத்திருக்க வேண்டிய மனிதர் தானியக் கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் டைரக்டரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. லோடுக்காரர் மூட்டையைப் போட்ட வேகத்தில் இரண்டு அடுக்குகளின் சந்தில் புகுந்துகொண்டார். தூசி மூக்கில் ஏறியது. தும்மல் வந்தால் மகளின் படிப்பு போச்சு. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டைரக்டர் எதிரே போய் நின்றவன் லோடுக்காரரின் கூட்டாளி. மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி எந்நேரமும் தோளில் தொங்குவதால் அவனுக்குக் கொக்கி என்றே பெயர்.

"அவரைப் பாக்கணும். கொஞ்சம் பணக் கணக்கு பேசணும்," என்றார் டைரக்டர்.

"அவரையா?" கொக்கி குரலைத் தாழ்த்தினான். "பாத்துப் பேசுங்க சார். பணம்னு வாயெடுத்தா அண்ணனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் கணக்கு பேச வந்தான். இன்னும் கோணலாத்தான் நடக்கிறான்."

டைரக்டர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பக்கூட மறந்து, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே ஓடினார்.

"எப்படி? இனிமே உன் பக்கம் தலை வச்சுப் படுப்பானா?" என்று கொக்கி சந்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"பாவி! பொண்ணும் அவன்கிட்ட, பேப்பரும் அவன்கிட்ட. அந்தக் கோவத்தை அவன் யாருகிட்டடா காட்டுவான்?"

கொக்கிக்கு அது அதுவரை தோன்றியிருக்கவில்லை.

அதன்பிறகு போன் அடிக்கவே இல்லை. அடித்தபோது இருந்த பயத்தைவிட அடிக்காத பயம் பெரிதாக இருந்தது. மகள் வேறு, பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வந்தாள். தொண்டை கட்டிப்போய்ப் பேச்சு காற்றாக வந்தது.

"ஏம்மா, அழுதியா?"

"இல்லப்பா."

"அங்க உன்னை ஏதாவது சொல்றாங்களா?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு டைரக்டர் சாருக்கு வாக்கு குடுத்துட்டேன்ப்பா. பரீட்சை முடியட்டும், சொல்றேன். நீங்க மட்டும் அங்க வந்துடாதீங்க."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. யார்கிட்டயும் சொல்லக்கூடாத அளவுக்கு ஒரு பெண் பிள்ளையை என்ன செய்கிறார்கள்? போய்க் காலில் விழுந்தாவது தவணை கேட்பது என்று முடிவு செய்தார்.

தனியாகப் போக நினைத்தார். கொக்கி விடவில்லை. "நான் பேசித்தானே கெட்டுச்சு? நானே வந்து மன்னிப்பு கேக்கிறேன்." சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் மற்ற ஆட்களும் ஏறிக்கொண்டார்கள். ஆறு பேர், அழுக்குத் துண்டு, ஆளுக்கொரு இரும்புக் கொக்கி. மன்னிப்பு கேட்கப் போகிற கூட்டமாக அது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

மற்றவர்களை வாசலில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். போகிற வழியில் வகுப்பறை ஜன்னல். எட்டிப் பார்த்தார்.

பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மகள் மட்டும் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அத்தனை கண்ணும் அவள் மேல்.

காசு கட்டாததற்கு நிற்க வைத்திருக்கிறார்கள். வயசுப் பெண்ணை, ஊரே பார்க்க. தொண்டை ஏன் கட்டியது என்பது இப்போது புரிந்தது.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் நுழைந்தார். ஆள் இல்லை. சுழல் நாற்காலி மட்டும் இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. டைரக்டர்தான்! வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோனது. கால் தானாகவே பக்கத்துக் கதவைத் தேடிக்கொண்டது. வினாத்தாள் கட்டுகள் அடுக்கிய இருட்டறை. நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு விட்டார்.

இருட்டில் இன்னொரு மூச்சும் கேட்டது.

"அடிச்சுடாதீங்க," என்றது ஒரு குரல்.

"யாரு?"

"நான்தான் டைரக்டர். லாரியை ஜன்னல்லயே பாத்துட்டேன்."

லோடுக்காரர் இருட்டிலேயே தடவிக் காலைத் தேடினார். கால் பின்னால் இழுத்துக்கொண்டது.

"சார், பணம்..."

"ஐயோ, அந்த வார்த்தையே வேணாம்! உங்களுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. இரண்டாம் தவணைதானே? விட்டுட்டேன். தள்ளுபடி. மார்க் ஷீட்டையும் இப்பவே எடுத்துட்டுப் போங்க."

"சும்மா எப்படி சார்..."

"சும்மாவா? போதலையா?" டைரக்டரின் குரல் உடைந்தது. "மிச்சத்தைப் பரீட்சை முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

என்ன மிச்சம் என்று லோடுக்காரருக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம். ஆனால் மகளின் நினைப்பு பயத்தை முட்டித் தள்ளியது.

"ஒண்ணே ஒண்ணு சார். எம் பொண்ணை உக்கார விட்டுடுங்க."

"அது மட்டும் முடியாது!" டைரக்டர் அலறினார். "வேற எது வேணாலும் கேளுங்க. பரீட்சை வரைக்கும் அவ நிக்கணும்!"

"நாள் பூரா நிக்கிறா சார். தொண்டையே போயிடுச்சு..."

"சுடுதண்ணி குடுக்கச் சொல்றேன். மைக் வேணும்னாலும் வாங்கித் தர்றேன். வெளிய மட்டும் யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்!"

தண்டனைக்கு எதற்கு மைக்? அழுவது ஊருக்கே கேட்கவா?

டைரக்டர் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தார். செருப்புச் சத்தத்துக்குச் சொந்தக்காரரான வாட்ச்மேன் வராந்தாவில் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார். அதன்பிறகே இருவரும் வெளியே வந்தார்கள். பீரோ திறந்தது. மார்க் ஷீட் கைக்கு வந்தது. ரசீதில் பதினேழாயிரத்து அறுநூறும் வரவாகிவிட்டதாக எழுதி, ஒன்று போதாதென்று முத்திரையை டைரக்டர் மூன்று தடவை குத்தினார்.

லோடுக்காரர் மார்க் ஷீட்டை நெஞ்சோடு அணைத்தபடி வாசலுக்கு வந்தார். பாக்கி தீர்ந்தும் மனசுப் பாரம் இறங்கவில்லை. வாட்ச்மேன் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். ஜென்மத்தில் அவருக்கு யாரும் எழுந்து நின்றதில்லை.

"நீங்களாவது சொல்லுங்கண்ணே," என்றார் லோடுக்காரர். "பாக்கியும் தீந்து போச்சு. இன்னும் எதுக்கு எம் பொண்ணை அங்க நிக்க வச்சிருக்காங்க?"

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிக்காம எப்படிண்ணே பாடம் நடத்தறது? கணக்கு வாத்தியார் சொல்லாம ஓடிப்போனதுலேருந்து அத்தனை பிள்ளைங்களுக்கும் உங்க பொண்ணுதானே டீச்சர்; அந்தப் பொண்ணோட சம்பளத்தைக் கேட்டு நீங்க எப்ப வருவீங்களோன்னு பயந்து, இப்பல்லாம் டைரக்டருக்கு மத்தியானச் சாப்பாடே அந்த இருட்டு ரூம்லதான்!"