மூன்று படிக்கு ஒரு சாய்தளம்

“விண்ணப்பதாரர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லவும்” என்றாள் மர்லீன்.

“மர்லீன், இத்தனை வருஷமா உன் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கேன். உன் பேரன் ஞானஸ்நானத்துக்கு கேக் தூக்கிட்டு வந்ததே நான்தான்.”

“எனக்குத் தெரியும் நார்மன். டேப் ஓடுதே, அதுக்குத் தெரியாதே.”

நார்மன் பெல்கி பெயரைச் சொன்னார், முகவரியையும் சொன்னார். ஈஸ்ட் பார்லோவின் ஈரநிலப் பாதுகாப்புக் குழுவுக்கு அவரே தலைவர். சம்பளம் கிடையாது, மரியாதை அதைவிடக் கிடையாது. எங்கள் ஊரில் குளம், ஓடை, சதுப்பு எதற்கும் நூறு அடிக்குள் ஒரு மண்வெட்டியை ஊன்ற வேண்டுமென்றால் இந்தக் குழுவின் முன்னால் வந்து நிற்க வேண்டும். இருபது வருடமாக ஊரையே நிற்க வைத்த மனிதர், இன்று மேஜைக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

விஷயம் சின்னது. பிப்ரவரிப் பனியில் வழுக்கி விழுந்து அவர் மனைவி லூசிலுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, பக்கத்து ஊர்ப் பராமரிப்பு இல்லத்தில் கிடக்கிறாள். வீட்டு வாசலில் மூன்று படி. “படியே ஏறக் கூடாதாம். வாசல்ல ரேம்ப் போட்டாத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்களாம்” என்று லூசில் சொல்லிவிட்டாள். சக்கர நாற்காலி உருண்டு ஏறப் பலகையில் ஒரு சாய்தளம், அவ்வளவுதான். ஆனால் அந்த வாசல் குளத்தைப் பார்த்து இருந்தது. குளக்கரையிலிருந்து எழுபது அடி.

“சரி, விசாரணையை ஆரம்பிக்கலாமா?” என்றார் நார்மன்.

“எப்படி ஆரம்பிக்கிறது? நீ கீழ இறங்கிட்டே. ஹாரியட் ஃப்ளோரிடாவுல வெயில் காயறா, மே மாசம்தான் வருவா. அஞ்சாவது நாற்காலி காலி. மிச்சம் நானும் டக்கும். மூணு பேர் இல்லாம கூட்டமே கிடையாது.”

“நான் மேல வந்து உக்காந்துக்கறேன்.”

“உன் விஷயத்தை நீயே விசாரிக்கக் கூடாது. டக்கோட கோழிக்கூண்டு விஷயத்துல நீதானே அவனை வெளியில போய் நில்லுன்னே?”

“மழையில” என்றான் டக். அன்று மாலை முழுக்க அவன் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

நார்மன் வீட்டுக்கு வந்து டப்பா சூப்பைச் சூடாக்கினார். ஒரு பக்கம் தீய்ந்தது, ஒரு பக்கம் ஜில்லென்றிருந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் லூசில் எதிரில் உட்கார்ந்து, அவர் சொல்லும் குழுவின் சங்கதியெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். யார் எங்கே மண் கொட்டினார்கள், எந்த ஓடையில் எந்தத் தவளை கத்தியது என்று எல்லாவற்றையும் கேட்பாள். நாற்பத்து நாலு வருடத்தில் ஒருநாள்கூட அவள் குறுக்கே பேசியதில்லை. எதிர் நாற்காலியைப் பார்த்தபடியே சூப்பைத் தள்ளி வைத்தார். அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்தார். ஒன்றும் இல்லை.

மறுநாளே ஐந்தாவது நாற்காலிக்கு ஆள் தேடக் கிளம்பினார். அவர் வருவதைப் பார்த்ததும் தபால் நிலையத்தில் இருந்தவர்கள் தபால்தலையை ஒட்டாமலே கிளம்பினார்கள். மளிகைக் கடைக்காரர் தனக்குக் காது மந்தம் என்றார். பாதிரியார், தான் வேறு ஊருக்கு மாறினாலும் மாறலாம் என்றார். கடைசியில் ஒரே ஒருவர்தான் சம்மதித்தார்.

அது கார்ல் டூமி. ஓடையோரம் கார்ல் ஆசை ஆசையாகக் கட்டிய மரக்கொட்டகையைப் பலகை பலகையாகப் பிரிக்க வைத்தவர் நார்மன். பிரித்து முடிக்கிறவரை பக்கத்தில் நின்று பார்த்தவரும் அவர்தான்.

“நானா? குழுவுலயா?” கார்ல் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரு நார்மன். காபி குடிக்கிறியா? எங்க கையெழுத்து போடணும்?”

“பழசெல்லாம் மனசுல வச்சுக்காதே கார்ல். லூசிலை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், அதுதான் விஷயம்.”

“சேச்சே. எனக்கு லூசிலை ரொம்பப் பிடிக்கும். உன்னைத்தான் பிடிக்காது.”

கார்ல் பதவியேற்க இரண்டு வாரம் ஆகும் என்றது ஊராட்சி அலுவலகம். அதுவரை சும்மா இருப்பானேன் என்று நார்மன் சாய்தளத்துக்கான பலகைகளை வரவழைத்தார். அங்கேதான் சனி பிடித்தது. மரக்கடை லாரி புல்தரையில் பின்பக்கமாக ஏறி, வாசலுக்கு நேர் எதிரே முழங்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளம் போட்டுவிட்டுப் போனது. பனி உருகிப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. பதவியேற்ற கையோடு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கார்ல் வந்தார், கூடவே மர்லீனும் டக்கும். இடத்தை நேரில் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாதாம். அதுவும் நார்மன் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

கார்ல் அங்கே அளந்தார், இங்கே அளந்தார், வீட்டைச் சுற்றி வந்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. முகம் தொங்கிப்போயிற்று. மர்லீன் கண்ணைக் காட்டினாள். முடிந்தது, இன்றைக்கே அனுமதி கொடுத்துவிடலாம் என்று அர்த்தம். போகிற போக்கில் கார்ல் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

“என்ன நார்மன், துணி துவைச்ச தண்ணியை இங்கயா கொட்டறே? நுரை மிதக்குது.”

அப்போது “ஆமாம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். லூசில் அடுத்த வாரம் வீட்டில் இருந்திருப்பாள். ஆனால் நார்மனால் முடியவில்லை. இருபது வருடப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுத்தது.

“நுரையா? நல்லாப் பாருய்யா. காட்டுத் தவளை முட்டை அது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கறுப்புப் பொட்டு தெரியுதா? எவ்வளவு பெரிய கொத்து. இந்த மாதிரி நான் பார்த்தே அஞ்சாறு வருஷம்...”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. மர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். டக் பூட்ஸைப் பார்த்தான்.

“தவளை முட்டையிட்ட தண்ணி” என்றார் கார்ல் மெதுவாக, மிட்டாயைச் சப்புவதுபோல. “அது தானா வந்ததோ, யாராவது வெட்டினதோ, குஞ்சு எல்லாம் வெளியேறுற வரைக்கும் பக்கத்துல யாரும் கை வைக்கக் கூடாது. நம்ம ஊர்ச் சட்டம். யாரு எழுதினது மர்லீன்?”

“நார்மன்” என்றாள் மர்லீன்.

“அன்னிக்கு ஊர்க்கூட்டத்துல நான் எழுந்து கேட்டேன், லாரி போன பள்ளம்கூடவான்னு. என்ன சொன்னே நார்மன்?”

“லாரி போன பள்ளம்கூடத்தான்னு சொன்னேன்” என்றார் நார்மன். பொய் சொல்லத் தெரியாத மனிதர், என்ன செய்வது.

தவளைக் குஞ்சுகள் வெளியேற ஜூலை ஆகும். பலகைகளைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பள்ளத்தைச் சுற்றி ஆரஞ்சு நிற வலை கட்டினார்கள். கட்டியது நார்மன்தான், வேறு யாருக்கும் ஒழுங்காகக் கட்டத் தெரியாது.

சமையலறைப் பக்கம் பின்வாசலில் போடலாமா என்று பார்த்தார். அதற்கு அடியில் கழிவுநீர்த் தொட்டி. அதற்கு வேறொரு குழு, அதிலும் இரண்டு நாற்காலி காலி. யாருக்கும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்துவிடலாமா என்று லூசிலுக்கு போன் போட்டுக் கேட்டார்.

“நீயா? சட்டத்தை மீறியா?” லூசில் அதிர்ந்துபோனாள். “வேண்டவே வேண்டாம் நார்மன். ஊர்ல உன் பேரு என்ன ஆகும்? எல்லாம் முறைப்படியே நடக்கட்டும். எனக்காக அவசரப்படாதே. நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்.”

எப்பேர்ப்பட்ட பெண் என்று நார்மன் போனை வைத்துவிட்டு அழுதார்.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு அவளைப் பார்க்கப் போவார். முதலில் சில வாரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவர் போகும்போது அயர்ந்து தூங்குகிறாள். பாவம், உடம்பு தேறவில்லை, உள்ளுக்குள் உருகிப்போகிறாள் என்று நார்மன் நினைத்துக்கொள்வார். எழுப்ப மனம் வராது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முட்டைகளில் எத்தனை பொரிந்தன, வாலில் என்ன நிறம் என்று மெதுவான குரலில் சொல்லிவிட்டு வருவார். தூக்கத்திலும் அவள் நெற்றி சுருங்கும்.

மே மாதம் ஹாரியட் திரும்பி வந்தாள். கூட்டம் கூடியது. நார்மன் மறுபடி அந்தப் பக்கம் நின்றார். இந்த முறை தொப்பியைக்கூட எடுத்து வர மறந்திருந்தார்.

“சட்டத்துல விதிவிலக்கு ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டார்.

“நீ எழுதினப்ப வைக்கலியே” என்றாள் ஹாரியட்.

“அவ இளைச்சுப் போயிட்டா ஹாரியட். தூங்கிட்டே இருக்கா. என்கூடப் பேசக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஜூலை வரைக்கும் அவ... எனக்கு பயமா இருக்கு.”

குரல் உடைந்துவிட்டது. கார்ல் டூமி கழுத்தைச் சொறிந்தார். பழி தீர்க்க வந்த மனிதர்தான், ஆனாலும் கல் இல்லை.

“மூணு படிதானே நார்மன்” என்றார் கடைசியில். “ரேம்பை விட்டுத் தள்ளு. நானும் டக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு நாற்காலியோட தூக்கி உள்ள வச்சிடறோம். வெளியில போகணும்னா போன் பண்ணு, வந்து இறக்கி விடறோம். தினமும் வரேன். இதுக்கு எந்தக் குழு அனுமதியும் வேண்டாம்.”

“தினமும்” என்றான் டக்.

நார்மனால் நம்பவே முடியவில்லை. இத்தனை மாதம் குளத்தையும் சட்டத்தையும் கட்டி அழுதோமே, இது ஏன் தோன்றவில்லை. மேஜையைச் சுற்றி ஓடிப்போய் கார்லின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கொட்டகையை நினைத்தால் வெட்கமாக இருந்தது, அதையும் வாய்விட்டுச் சொன்னார். டேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் இரண்டு மணிவரை பொறுக்க முடியவில்லை. காலையிலேயே சவரம் செய்துகொண்டு, லூசிலின் நீலக் கோட்டை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனார். அவள் அறையில் படுக்கை மடிப்புக் கலையாமல் இருந்தது. சக்கர நாற்காலி மூலையில் கிடந்தது, அதன்மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். நார்மன் கோட்டும் கையுமாக வெளியே ஓடினார்.

தாழ்வாரத்தில் ஒரு பணிப்பெண் பழச்சாறு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காலை நேர ஆள் போலிருக்கிறது, அவர் பார்த்ததில்லை. சட்டையில் மிர்லாண்ட் என்று பெயர் இருந்தது.

“அம்மா, இந்த ரூம்ல இருந்தவங்க... அவங்களுக்கு ஏதாவது...”

“லூசிலா? நல்லா இருக்காங்க சார். மூணாவது மாடியில சீட்டாடிட்டு இருப்பாங்க.”

நார்மன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். பிறகு லிஃப்ட்டைப் பார்த்தார். ரிப்பேர் என்று அட்டை தொங்கியது, அட்டையின் மேல் தூசி படிந்திருந்தது.

“ஐயோ, லிஃப்ட் ஓடலியே. மேல மாட்டிக்கிட்டாளா? அவ ஒரு படிகூட ஏறக் கூடாதே, எப்படி மேல கொண்டு போனீங்க?”

மிர்லாண்ட் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“கொண்டு போறதா? ஒரு மாசமா அவங்களே தினமும் படியேறித்தான் போறாங்க சார், ரெண்டு மணிக்கு யாரோ தவளைக்காரர் வருவாராம், அதுக்குள்ள கீழ ஓடிவந்து தூங்கிடுவாங்க.”