மாறுகண்ணுக்கு ஒரு மணப்பாட்டு

பாட்டுக்காரன் லிகோன் பாடி முடிப்பதற்குள் அர்க்கிப்பா கையை உயர்த்தினாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதாக உள்ளே போனவள், திரும்பி வந்ததும் பாட்டு வேண்டாம் என்றாள்.

விடிந்தால் கல்யாணம். மணப்பெண் மெலித்தா அர்க்கிப்பாவின் அண்ணன் மகள்; தாயில்லாப் பெண்; மாறுகண். இருபத்திரண்டு வயதுவரை யாரும் அவளை அழகி என்று சொன்னதில்லை. கிரேக்கத் தீவு நகரமான மித்திலினியில் எப்பேர்ப்பட்ட பெண்ணுக்கும் கல்யாணத்தன்று ஒரு பாட்டு உண்டு. அவள் ஆயுசுக்கும் கேட்கப்போகிற புகழ்ச்சி அது ஒன்றுதான். மெலித்தாவோ, விருந்தில் முக்காட்டை விலக்கப்போகும் நேரத்தை நினைத்து ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த இரக்கத்தில்தான் லிகோன் தாராளமாக அழகுக்கே தேவியான அப்ரோதித்தியையே பாட்டில் இறக்கியிருந்தான்.

"அந்தத் தேவியோட புருஷன் நொண்டி. நம்ம மாப்பிள்ளையும் விந்தி விந்திதான் நடக்கிறான். அவ புருஷனுக்குப் பண்ணின துரோகம் ஊருக்கே தெரியும். சபையில சிரிக்க மாட்டாங்களா?" என்றாள் அர்க்கிப்பா.

லிகோனுக்கு வியர்த்துவிட்டது. மத்தியானத்துக்குள் தேவியை எடுத்துவிட்டு ஹெலனை வைத்தான். அர்க்கிப்பா கேட்டாள், அடுப்பைப் பார்க்கப் போனாள், வந்தாள். விருந்தாளியோடு ஓடிப்போனவளைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுகிற புத்தி வேறு யாருக்கு வரும் என்று கேட்டாள். சரி, பத்தினியாகவே இருக்கட்டும் என்று பெனலோப்பியைக் கொண்டுவந்தான். மறுபடியும் அடுப்பு.

"மாப்பிள்ளை படகுக்காரன். கடலுக்குப் போன புருஷன் இருபது வருஷம் வராம கிடந்தவளை அவன் முன்னாடி பாடுவியா? உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதையில் வரும் பெண்களெல்லாம் தீர்ந்துபோனார்கள். துடைப்பக்கட்டையால் அடி விழுந்தாலும் விழட்டும் என்று லிகோன் யாழை இழுத்துக்கொண்டு, தான் தெருவில் பார்த்த மெலித்தாவையே பாடினான். செக்கில் வேலை செய்து ஆலிவ் எண்ணெய் மினுங்கும் முழங்கை. சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாத வாய். வந்த வேகத்தில் அதையும் பாடிவிட்டான்: ஒரு கண் கடலைப் பார்க்கும், ஒரு கண் கரையைப் பார்க்கும், படகுக்காரா, நீ எந்தப் பக்கம் வந்தாலும் அவளுக்குத் தப்ப மாட்டாய்.

பாடிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மாறுகண்ணை மணப்பாட்டில் வைத்த முதல் முட்டாள் அவனாகத்தான் இருக்கும். பாவம், இதைக் கேட்டால் அந்தப் பெண் என்ன பாடுபடும்! அர்க்கிப்பா உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. லிகோன் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

வந்தவள் மேலாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுப்புப் புகையா?" என்றான் லிகோன், பயந்துகொண்டே.

"அடுப்பு காலையிலேருந்தே மூட்டலைடா. கதவுக்குப் பின்னாடி நின்னு 'அத்தை, இது நான் இல்லே'ன்னு மூணு தடவையும் என்னைத் திருப்பி அனுப்பினவ, நாளைக்கு முக்காடே வேணாங்கிறா."